தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை: நகரமைப்பாளர் சங்கத்தின் களக்குறிப்புகள்

ஞாயிறு, ராமநாதபுரம்

நகரமைப்பாளர் சங்கம் என்றால் ஆண்டுக்கொரு பொதுக்குழு, நவம்பர் 8 உலக நகரமைப்பு நாளுக்கு ஓர் அரங்கக் கூட்டம், சால்வை, மதியச் சாப்பாடு என்றுதான் வெளியில் பெயர். 1951இல் தொடங்கிய இந்திய நகரமைப்பாளர் நிறுவனத்தின் மண்டலக் கிளைகள் முதல் சின்னச் சின்ன வட்டாரச் சங்கங்கள் வரை அதுவும் நடக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் உறுப்பினருக்கு உருப்படியாகக் கைக்கு வருவது களப்பயணம்தான். இந்த முறை ராமநாதபுரம் கடற்கரை. வடக்கே தொண்டியில் இறங்கி, பாம்பன் தீவைச் சுற்றி, தெற்கே வாலிநோக்கத்தில் முடிகிறது. முழுமைத் திட்டத் (மாஸ்டர் பிளான்) தாள்களில் ‘காலி நிலம்’ என்று வெள்ளையாக விடப்படும் கரையில் நிஜத்தில் என்ன நடக்கிறது என்பதை சர்வே எண் வாரியாகக் குறித்து வருவதே வேலை.

மாசியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. வாடை (வடகிழக்குக் காற்று) ஓய்ந்திருக்கும், கச்சான் (தென்மேற்குக் காற்று) இன்னும் கிளம்பியிருக்காது. கிணற்றில் தண்ணீர் இறங்கத் தொடங்கும் நேரம், எது உப்பேறுகிறது என்பது தெரிய ஆரம்பிக்கும். மழைத் தண்ணீர் எதுவரை நின்றது என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. சுவரில் கறைக்கோடு தேட வேண்டும், இல்லையென்றால் கேட்க வேண்டும். “இங்கே வெள்ளப் பாதிப்பு உண்டா?” என்று கேட்டால் நிவாரணப் பட்டியல் எழுத வந்தவர் என்று நினைத்துக்கொள்வார்கள். “போன ஐப்பசியில தண்ணி எந்தப் படி வரைக்கும் வந்துச்சுக்கா?” என்று கேட்டால் படியைக் கையால் தொட்டுக் காட்டுவார்கள். அந்தப் படியின் உயரத்தை ஆட்டோ லெவல் என்ற மட்டம் பார்க்கும் கருவியில் எடுத்துக்கொண்டால் போதும்.

இன்றைய வேலை அடிவரைபடம். கிராம வரைபடம், புலப்படம் (ஒவ்வொரு சர்வே எண்ணின் அளவுப் படம்), ‘அ’ பதிவேடு (நிலத்தின் வகை, உரிமை விவரம்), செயற்கைக்கோள் படம் ஆகிய நான்கையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்த வேண்டும். தடுக்கும் இடங்கள் எப்போதும் இரண்டே. பழைய புலப்படங்களில் அளவு லிங்க்கில் இருக்கும். 66 அடிச் சங்கிலியில் நூறில் ஒரு பங்கு, அதாவது சுமார் 20 சென்டிமீட்டர். அதை மீட்டர் என்று படித்துவிட்டால் புலம் ஐந்து மடங்கு நீண்டுவிடும். இது உடனே கண்ணில் படும், பெரிய ஆபத்தில்லை. இரண்டாவதுதான் ஆபத்து. கடலோரப் புலங்களில் கடல் பக்கத்து எல்லைக்கல் அலையில் போயிருக்கும் அல்லது மணலில் புதைந்திருக்கும். கரை பக்கத்துக் கல்லை மட்டும் வைத்துப் படத்தைப் பொருத்தினால் புலம் அந்தக் கல்லைச் சுற்றி ஊஞ்சலாடும். கடல் முனையில் பத்து மீட்டர் தப்பினாலும் யாருக்கும் தெரியாது. மூன்று கிராம எல்லைகள் கூடும் கல், பழைய கோயில், பாலத்தின் முனை என்று நகராத புள்ளிகள் குறைந்தது நான்கு கிடைக்காமல் அந்தத் தாளை ஏற்பதில்லை.

வரைபடத்தின் அளவுகோலை எல்லோரும் சொல்கிறார்கள், அதற்குப் பொருள் என்ன என்று யோசிப்பவர் குறைவு. 1:25,000 வரைபடத்தில் அரை மில்லிமீட்டர் பேனாக் கோடு தரையில் பன்னிரண்டரை மீட்டர். 1:4,000இல் அதே கோடு இரண்டு மீட்டர். கரையோரம் புதிதாகக் கட்டத் தடையுள்ள 50 மீட்டர் பட்டையில் ஒரு வீடு உள்ளேயா வெளியேயா என்ற வழக்குக்குச் சிறிய அளவுத் தாளைக் கொண்டு போவது வீண்.

இரவுக் கூட்டத்தில் சங்க நடைமுறை ஒன்றையும் முடித்தோம். அரசுப் பணியில் இருப்பவர் அறிக்கையில் கையெழுத்திடுவதில்லை; அளவெடுப்பார், அவ்வளவுதான். இந்தக் கரையில் மனைப்பிரிவு அல்லது விடுதிக்கு ஆலோசகராக இருக்கும் தனியார் உறுப்பினர் எழுத்தில் சொல்லிவிட்டு அந்தக் கிராமத்துக் குழுவிலிருந்து விலகிக்கொள்வார். முதல் நாளே இதைப் பேசாத சங்கத்தின் அறிக்கையை எந்த விசாரணையிலும் ஒரே கேள்வியில் உடைத்துவிடலாம்.

திங்கள், தொண்டி – காரங்காடு – தேவிபட்டினம்

பாக் நீரிணைக் கரை. ஓத ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு, ஆனால் தரையின் சாய்வு மிகக் குறைவு; ஒரு சாண் தண்ணீர் ஏறினால் கரைக்கோடு வெகுதூரம் உள்ளே வரும். உயர் ஓதக் கோட்டை, அதாவது கடலோரத் தடைத் தூரங்களை அளக்கத் தொடங்கும் கோட்டை, ஊகிக்கப் பார்ப்பவர்கள் இங்கேதான் ஏமாறுவார்கள். கரையில் ஒதுங்கிய கடற்புல் வரிசையைக் காட்டி “இதுதான் கோடு” என்பார்கள். அது நேற்றைய ஓதத்தின் சுவடு. கோட்டை முறையாகக் குறிக்கும் உரிமை அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்களுக்கு மட்டுமே உண்டு. நாம் செய்யக்கூடியது, அவர்கள் வரைந்த கோடு தரையில் எதன்மேல் விழுகிறது என்று சரிபார்ப்பது. கைப்பேசி ஜிபிஎஸ் மூன்று முதல் ஐந்து மீட்டர் தவறும். அதைக் கொண்டு தூரம் அளந்து யாருக்கும் உறுதி சொல்லக்கூடாது.

காரங்காட்டில் அலையாத்திக் காடு. வனத்துறையும் ஊராரும் சேர்ந்து படகுச் சுற்றுலா நடத்துகிறார்கள். கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கைப்படி அலையாத்தி 1,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால் அதைச் சுற்றி 50 மீட்டர் காப்புப் பட்டை. அந்தப் பட்டையும் மிகக் கடுமையான காப்புள்ள முதல் வகை மண்டலமே. அளக்கும்போது தூரிலிருந்து அளக்கிறார்கள். விதானத்தின் வெளி விளிம்பிலிருந்து அளக்க வேண்டும், இளங்கன்றுகள் முளைத்த சேற்றுத்தரையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். செயற்கைக்கோள் படத்தில் கன்று தெரியாது, சேறாகவே தெரியும். ஐந்து ஆண்டு கழித்து அது காடு, அதற்குள் ஒருவர் படகுத்துறைக் கட்டடத்துக்கு வரைபடம் போட்டிருப்பார்.

தேவிபட்டினத்தில் நவபாஷாணம் என்ற நவக்கிரகக் கோயில் கடலுக்குள். பரிகாரம் செய்ய வருபவர் விட்டுச் செல்லும் துணிதான் இங்கே திடக்கழிவில் முக்கால் தொல்லை. குப்பைத்தொட்டி கரையில் இருக்கிறது. துணி விழுவது தண்ணீரில். சேகரிப்பு மேடை படியிறங்கும் இடத்திலேயே இருந்தால்தான் பயன்.

செவ்வாய், மண்டபம் – பாம்பன் – தங்கச்சிமடம்

மண்டபம் கடல் ஆய்வாளர்களுக்குத் தெரிந்த ஊர். 1947இல் தொடங்கிய மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் முன்பு பல ஆண்டுகள் இங்கேதான் இருந்தது. நகரமைப்பாளருக்கு இங்கே பார்க்க வேண்டியது கரையின் நேரப் பயன்பாடு. விசைப்படகும் நாட்டுப்படகும் நாள் மாற்றிக் கடலுக்குப் போகும் வழக்கம் இந்தப் பக்கம் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடைக்காலம். ஆகவே ஒரே நாளில் பார்த்து “கரை காலி” என்று எழுதுவது பிழை. விடியற்காலை, முற்பகல், மாலை என மூன்று வேளை. படகு போன நாள், போகாத நாள் என இரண்டு. இந்த ஆறு பார்வைக்கும் தனித்தனித் தாள், 1:1,000 அளவில், பென்சிலில்.

கரைவலை இழுக்கும் இடத்தில் இரு கயிறும் கரைசேரும் முனைகளுக்கு நடுவே சில நூறு மீட்டர் மணல் தடையில்லாமல் வேண்டும். நடுவில் ஒரு சுற்றுச்சுவர் வந்தால் அந்தக் கரைவலை போயிற்று. கருவாடு காயும் மணல், வலை பிரிக்கும் நிழல், எஞ்சின் கழற்றும் கொட்டகை, படகு ஏற்றும் சரிவு எல்லாம் வேறு வேறு இடங்கள். கடற்பாசி வளர்ப்புக்கு 12க்கு 12 அடி மூங்கில் தெப்பம். விதைப்பாசி கட்டிக் கடலில் விட்டு 45 நாளில் அறுவடை. தெப்பம் நிற்பது கடலில்தான், ஆனால் மூங்கில் அடுக்கவும் விதைப்பாசி கட்டவும் அறுத்ததைக் காயவைக்கவும் கரையில் இடம் தேவை. இந்த வேலையில் பெரும்பகுதி பெண்களுடையது. கணக்கெடுப்புப் படிவத்தில் ‘மீன்பிடி’ என்ற ஒற்றைக் கட்டத்துக்குள் இது விழாது. தனிக் கட்டம் சேர்த்தோம். மீனவர் வாழிடம், படகு நிறுத்தம், உலர்களம் ஆகியவற்றை உள்ளூர் அளவுக் கடலோர மண்டலத் திட்டத் தாளில் காட்ட வேண்டும் என்பது விதி; காட்டாத தாளுக்கு ஆட்சேபம் எழுத இந்த ஆறு பார்வைகளே சாட்சி.

பாம்பனில் 1914இன் பழைய ரயில் பாலம், 1988இன் சாலைப் பாலம், 2025 ஏப்ரலில் திறந்த புதிய தூக்குப் பாலம் மூன்றும் ஒரே பார்வையில். எல்லோரும் கப்பல் போக மேலெழும் 72.5 மீட்டர் தூக்குக் கண்ணைப் படம் பிடிக்கிறார்கள். திட்டமிடுபவர் கவனிக்க வேண்டியது கீழே: இப்போது ஓடுவது ஒற்றைப் பாதை, அடித்தாங்கிகள் இரட்டைப் பாதைக்குக் கட்டப்பட்டவை. இரண்டாவது பாதை வரும் நாளில் தீவின் நிலையங்களுக்கு வெளியே பேருந்தும் ஆட்டோவும் நிற்க இடம் எங்கே? அந்த நிலத்தை இப்போதே ஒதுக்காவிட்டால் பிறகு கையகப்படுத்தலில்தான் முடியும்.

கட்டடங்களைப் பற்றி ஒரு வார்த்தை. கான்கிரீட் தரக் குறியீடு ஐ.எஸ். 456இன்படி கடலோரச் சூழலுக்கு எம்-30 கலவை, கம்பிக்கு மேல் 45 மி.மீ. மூடுகாரை, கடல்நீர்த் தூவல் படும் முகப்புக்கு எம்-35, 50 மி.மீ. கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. கலவைக்கு லாரித் தண்ணீர் வாங்குகிறார்கள். நீராற்றுவதற்குப் பக்கத்துக் கிணற்று உப்புத்தண்ணீரை ஊற்றுகிறார்கள். சன்ஷேடின் அடிப்பகுதி முதலில் விரிவது இதனாலும் கம்பியைத் தாங்க வைக்கும் 20 மி.மீ. கவர் பிளாக்காலும்தான். அனுமதி வரைபடத்தில் கவர் அளவை எழுதச் சொல்வது ஊராட்சிக்குச் செலவில்லாத காரியம்.

புதன், ராமேஸ்வரம் – தனுஷ்கோடி

தீவின் நல்ல தண்ணீர் மணலுக்குள் உப்புத்தண்ணீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால் அதன்கீழ் ஏறத்தாழ நாற்பது அடிக்கு நல்ல தண்ணீர் என்பது ஏட்டுக் கணக்கு. நடைமுறையில் இடைக் கலப்பால் அது குறையும். திருப்பிப் படித்தால்தான் உறைக்கும்: மேலே ஓர் அடி இறைத்துத் தாழ்த்தினால் கீழிருந்து உப்பு நாற்பது அடி மேலேறப் பார்க்கும். ஆழ்துளை போட்டவன் முதல் ஆண்டு சந்தோஷமாக இருப்பான், பிறகு பக்கத்து வீட்டு உறைகிணறும் சேர்ந்து கெடும். ஆழமில்லாத அகலக் கிணறு, சிறு மோட்டார், விட்டுவிட்டு இறைப்பது. மழைநீரையும் மணலுக்குள் ஆழமில்லாத குழியில்தான் விட வேண்டும்.

கிணறு அளக்கும் முறை: மோட்டார் போடுமுன் காலையில் நீர்மட்டம், மேல்நீர் ஒரு மாதிரி, அடிநீர் ஒரு மாதிரி, டி.டி.எஸ். (கரைந்த உப்பின் அளவு, லிட்டருக்கு மில்லிகிராமில்) இரண்டுக்கும் தனித்தனியாக. குடிநீருக்கு 500 நல்லது, வேறு வழியில்லாதபோது 2,000 வரை என்பது இந்தியத் தர அளவு. மேலே 600, அடியில் 3,000 என்று வந்தால் அந்தக் கிணற்றின் ஆயுள் மோட்டாரின் குதிரைத்திறனைப் பொறுத்தது. பிறகு மிக அருகிலுள்ள உறிஞ்சுகுழிக்கு டேப் பிடிக்க வேண்டும். 18 மீட்டர் இடைவெளி வேண்டும். மூன்று சென்ட் மனையில் அது சாத்தியமே இல்லை.

செப்டிக் டேங்க் தொல்லை இங்கிருந்துதான் கிளம்புகிறது. ஐந்து பேருக்கான தொட்டி ஒன்றரை மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலம், ஒரு மீட்டர் நீராழம். இதில் யாரும் பெரிதாகத் தப்புவதில்லை. தப்புவது வெளியேறும் நீரில். நிலத்தடி நீர் தரையிலிருந்து 1.8 மீட்டருக்குள் இருந்தால் உறிஞ்சுகுழி கூடாது. ஆனால் மணல் ‘நன்றாக உறிஞ்சுகிறது’ என்று குழி தோண்டி விடுகிறார்கள். உறிஞ்சுவது உண்மை, போய்ச் சேருவது கிணற்றில். இரட்டைக் குழிக் கழிப்பறை என்றால் குழியின் அடியை மூடி, சுற்றிலும் அரை மீட்டர் கனத்துக்கு நுண்மணல் உறை போட வேண்டும். பிளாஸ்டிக் தொட்டி வைத்தவர்களுக்கு இன்னொரு ஆபத்து: ஐப்பசி கார்த்திகையில் லாரி வைத்து முழுதாக உறிஞ்சினால் காலித் தொட்டி தண்ணீரில் எழும்பிக் குழாயை உடைத்துவிடும். அடியில் கான்கிரீட் பலகை போட்டுப் பட்டையால் கட்ட வேண்டும், கழிவு எடுப்பதைச் சித்திரை வைகாசிக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

ராமேஸ்வரத்தின் மக்கள்தொகை என்று சென்சஸ் எண்ணை மட்டும் எடுப்பவர் ஆடி, புரட்டாசி, தை அமாவாசைகளை மறந்தவர். வந்துபோவோரை எண்ண இங்கே ஒரு வசதி உண்டு: தீவுக்குச் சாலை ஒன்றே. சாலைப் பாலத்தின் முனையில் 15 நிமிடத்துக்கு ஒரு தாள், வண்டி வகை வாரியாக. ஒவ்வொரு வகையிலும் சிலவற்றை நிறுத்தி ஆள் எண்ணிச் சராசரி. ரயில் பயணியர் கணக்கு தனியே. கணக்குக்காக ஒரு லட்சம் பேர் வருவதாக வைத்துக்கொள்வோம். 20,000 பேர் தங்கிக் குளிக்கிறார்கள், ஆளுக்கு 45 லிட்டர் என்றால் 9 லட்சம் லிட்டர். மற்ற 80,000 பேர் வந்து போகிறவர்கள், ஆளுக்கு 15 லிட்டர் என்றால் 12 லட்சம். மொத்தம் 21 லட்சம். அதில் நூற்றுக்கு எண்பது கழிவுநீராகத் திரும்பும், ஏறத்தாழ 17 லட்சம் லிட்டர், ஒரே நாளில். இருபத்திரண்டு தீர்த்தங்களில் ஆடிய நீர் இந்தக் கணக்கில் வராது. அதைக் கழிவுநீர்க் குழாயில் சேர்த்தால் சுத்திகரிப்பு நிலையத்தின் கொள்ளளவு வீணாகும். தனி வடிகாலே சரி.

தனுஷ்கோடியில் முகுந்தராயர் சத்திரம் தாண்டி அரிச்சல்முனை வரை ஒன்பதரை கிலோமீட்டர் சாலை, 2017இல் திறந்தது. 1964 டிசம்பர் புயலில் ஊர் போன பிறகு குடியிருப்புக்கு ஏற்ற இடமில்லை என்று அரசு அறிவித்த நிலம். கச்சான் காற்றில் மணல் சாலையை மூடும். இயந்திரம் வைத்து அள்ளுகிறார்கள். அள்ளியதை லாரியில் ஏற்றி வேறெங்கும் கொண்டு போகக்கூடாது, கரையின் மணல் கணக்கிலேயே இருக்க வேண்டும். ஆண்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் அரிக்கும் பருவத்தில் பெண்கடல் (பாக் நீரிணை) பக்கம் மணல் ஏறும், பருவம் மாறினால் இதுவும் மாறும். முனையின் வடிவத்தை ஒரு தேதியிட்ட படத்தில் நிலையாக வரைவது அர்த்தமற்றது. 2025இல் இப்பகுதியில் பூநாரைச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது, சுமார் 525 எக்டேர். வாகன நிறுத்தத்தையும் கடைகளையும் முனையிலிருந்து பின்னால் இழுத்து, கடைசிப் பகுதிக்குச் சுற்றுப்பேருந்து மட்டும் விடலாம் என்பது எங்கள் பரிந்துரை. கடைக்காரர்களுக்குப் பிடிக்காது. ஆமை முட்டையிடும் மாதங்களில் விளக்குகளுக்குக் கடல் பக்கம் மறைப்பு வேண்டும்.

வியாழன், கீழக்கரை

நகராட்சி, கடலோரம் வரை நெருங்கிய வீடுகள், குறுகிய தெருக்கள். வளர்ந்த நகரப் பகுதி என்பதால் இரண்டாம் வகை மண்டலம்: ஏற்கெனவே உள்ள சாலை அல்லது அனுமதி பெற்ற கட்டடங்களுக்கு நிலப்பக்கம் மட்டுமே கட்டலாம். ‘ஏற்கெனவே உள்ள சாலை’ எது என்பதில்தான் எல்லாச் சண்டையும். நகராட்சிப் பதிவேட்டில் அந்தச் சாலை எந்த ஆண்டில் ஏறியது என்று பார்த்தால் பாதி வழக்கு முடிந்துவிடும்.

தெரு அகலம் அளப்பதில் சோம்பல் கூடாது. இருபது மீட்டருக்கு ஒரு அளவு, சுவருக்குச் சுவர்; திண்ணையும் படியும் நீட்டிக்கொண்டால் அதற்குத் தனி அளவு; மேலே மாடி நீண்டிருந்தால் உயரமும் எடுக்க வேண்டும். தீயணைப்பு வண்டிக்குச் சராசரி அகலம் உதவாது, மிகக் குறுகிய இடமே கணக்கு. புதிதாகக் கட்டுபவரை மட்டும் பின்னே தள்ளித் தெருவை அகலப்படுத்தும் திட்டம் இந்த மாதிரி ஊர்களில் பல் விழுந்த வாயாகத்தான் முடியும். அதைவிட 2019 ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் உள்ள ‘தொடர் கட்டடப் பகுதி’ வகையில் எந்தெந்தத் தெரு சேர்ந்திருக்கிறது என்று பார்த்து, விட்டுப்போனவற்றைச் சேர்க்கச் சொல்லலாம். பக்கவாட்டு இடைவெளி விட முடியாத மனைக்காரர் சட்டத்துக்கு வெளியே தள்ளப்படுவது இதனால் குறையும். தெருமுனைகளை மட்டும் வெட்டி அகலப்படுத்துவதும் நீர்க்குழாய் முனைகள் வைப்பதும் போதும்.

பூட்டிய வீடுகள் நிறைய, சொந்தக்காரர் வெளிநாட்டில். காலி வீடு என்று எழுதினால் குடிநீர்த் தேவை குறையும், நோன்பு மாதத்திலும் கல்யாணக் காலத்திலும் தண்ணீர் பற்றாது. மின்கட்டண அட்டையின் ஓராண்டுப் பதிவைப் பார்த்தால் எந்த மாதம் வீடு திறக்கிறது என்று தெரிந்துவிடும்.

பழைய சுவர்களில் கடற்கல்லும் சுண்ணாம்பும் உண்டு. பவளப்பாறை எடுப்பது இப்போது குற்றம். 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. பழுதுபார்க்கப் புதுக்கல் கிடைக்காது. இடிந்த பகுதியின் கல்லையே மறுபடி வைத்து, சுண்ணாம்புக் காரை பூச வேண்டும். சிமெண்ட் பூசினால் சுவருக்குள் இருக்கும் உப்புநீர் வெளியே வர வழியின்றிக் கல்லையே பொடியாக்கும்.

வெள்ளி, ஏர்வாடி – வாலிநோக்கம்

ஏர்வாடி என்றதும் 2001 ஆகஸ்ட் 6 நினைவுக்கு வராத நகரமைப்பாளர் இருக்க முடியாது. மனநலம் குன்றியோரைச் சங்கிலியில் கட்டி வைத்திருந்த ஓலைக் கொட்டகை எரிந்து 28 பேர் இறந்தார்கள். தங்குமிடம் என்ற பயன்பாட்டுக்குக் கீழ் விடுதி, சத்திரம், காப்பகம் மூன்றையும் ஒன்றாகப் போடக்கூடாது. தானாக எழுந்து ஓட முடியாதவர் தங்கும் கட்டடத்துக்கு வெளிவழி, கூரைப்பொருள், கதவு திறக்கும் திசை எல்லாம் வேறு.

வாலிநோக்கத்தில் உப்பளம், 1974இல் தொடங்கிய தமிழ்நாடு உப்புக் கழகத்தின் பெரிய அளங்கள் இந்தப் பக்கம்தான். 1991 பிப்ரவரி 19க்கு முன் கட்டிய வரப்போ மதகோ இருந்தால் உயர் ஓதக் கோடு அந்த வரப்போடு நிற்கும், பின்னால் கட்டியதென்றால் நிற்காது. ஆகவே வரப்பின் வயதே இங்கே ஆவணம். பழைய நில அளவைத் துறைத் தாள், அந்தக் காலச் செயற்கைக்கோள் படம், பாத்திக் குத்தகைப் பதிவு என மூன்றில் குறைந்தது இரண்டு ஒத்துப்போக வேண்டும்.

சாயல்குடி பக்கம் புது மனைப்பிரிவுகள். 10,000 சதுர மீட்டருக்கு மேல் என்றால் சாலை போக மீதியில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளிக்குத் தானமாகத் தர வேண்டும். கொடுப்பது எப்போதும் மனையிலேயே பள்ளமான, உப்புப் பூத்த மூலை. தரையின் மேடுபள்ளத்தைக் காட்டும் சமஉயரக் கோடு இல்லாத மனைப்பிரிவு வரைபடத்தை வாங்கவே கூடாது.

சனி, மீண்டும் ராமநாதபுரம்

எழுத்து வேலை. 2011 சென்சஸில் சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் உள்ள ஊரகக் கரைக்கு 2019 அறிவிக்கையில் தடைப் பட்டை 50 மீட்டர், மற்ற இடத்தில் 200. ஆனால் அந்த அறிவிக்கையின்படி திட்ட வரைபடம் கலந்தாய்வோடு ஒப்புதல் பெற்ற பிறகே 50 செல்லும், அதுவரை 200தான். அடர்த்தியைக் கணக்கிடும்போது ஊராட்சி மக்கள்தொகையை வருவாய்க் கிராமப் பரப்பால் வகுக்கிறார்கள். இரண்டின் எல்லையும் ஒன்றில்லை. விடுபடும் 150 மீட்டரில் மீனவர் வீடு வருமா விடுதி வருமா என்பது இந்த ஒரு வகுத்தலில் இருக்கிறது.

முழுமைத் திட்டத்துக்கு ஆட்சேபம் என்றால் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் 26ஆம் பிரிவில் அறிவிப்பு வெளியான பின் குறைந்தது இரண்டு மாத அவகாசம் உண்டு. மனுவில் பொதுவான வருத்தம் எழுதினால் ‘பரிசீலிக்கப்பட்டது’ என்று ஒரு வரிப் பதில் வரும். ஒரு சர்வே எண்ணுக்கு ஒரு பத்தி போதும்: கிராமம், தாள் எண், தாளில் என்ன காட்டியிருக்கிறது, தரையில் என்ன இருக்கிறது, தேதியிட்ட படம், என்ன திருத்தம் வேண்டும். கடைசி வரி மிக முக்கியம். எதைக் கேட்கிறோம் என்று சொல்லாத மனுவுக்கு எதையும் கொடுக்க முடியாது.

கிராமத் தாள்களை ஆளுயரத்துக்கு அச்சிட்டு, தமிழில் பெயரிட்டு, ஊராட்சி அலுவலகத்திலும் மீனவர் கூட்டுறவுச் சங்கத்திலும் ஒட்டக் கொடுத்தாயிற்று. பக்கத்தில் சிவப்புப் பேனா கட்டித் தொங்கவிட்டிருக்கிறது. திருத்துகிறவர் இடத்தைக் குறித்து, ஊர்வழக்கில் உள்ள பெயரை எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். பதினைந்து நாளுக்குப் பின் அந்தத் தாள்களை வாங்கி, திருத்தங்களைத் தரையில் சரிபார்த்த பிறகே மனு தட்டச்சுக்குப் போகும்.